காஞ்சதெல்லாம் எண்ணெய்

உக்காருங்க தம்பி, எந்திரிக்காதீங்க. அது கருகுன நாத்தம் இல்லீங்க, எண்ணெய் வாசம். இந்தக் கேனைக் காலுக்கு அக்கட்டால தள்ளி வெச்சுக்கறேன். மூடியை இறுக்கித்தான் மூடியிருக்கேன், மேல துணி வேற சுத்தியிருக்கேன். ஆனாலும் வாசம் வரும். ஏறும்போதே கண்டக்டர் மூஞ்சியச் சுளிச்சாரு. "என்னங்க இது, பெட்ரோலா? வண்டியில ஏத்தக்கூடாது"ன்னாரு. பெட்ரோல் இல்லை சாமி, தீக்குச்சியக் கிழிச்சு உள்ள போட்டாலும் பத்தாது, வேணும்னா போட்டுக் காட்டட்டுமான்னு கேட்டேன். அதுக்கு ஒரு மொறை மொறைச்சாரு பாருங்க. நெசத்தைச் சொன்னா யாருக்குமே புடிக்கறதில்லை.

நீங்க உடுமலை வரைக்குங்களா? நானு அதுக்கு முன்னாலயே எறங்கிக்குவேன், வேலாங்காட்டுப் பிரிவுல. எங்க மச்சான் தோட்டம் அங்கதான். எம் பொண்டாட்டி இப்ப அங்கதான் இருக்கா. கார்த்திகையில போனவ. தை நோம்பி முடிஞ்சு மாசியும் வந்துருச்சு. கூட்டிட்டு வரலாம்னு போறேன். வருவாளா மாட்டாளான்னு தெரியலைங்க. அதான் உக்காந்த எடத்துல உக்கார முடியலை. நான் அடிக்கடி எந்திரிச்சு உங்க ஜன்னலை எட்டிப் பாப்பேன், தப்பா நெனைக்காதீங்க.

எம் பேரு சென்னியப்பனுங்க. மூலனூருக்குப் பக்கம். முருங்கைக்காய் லோடு லோடாப் போகுமே, அந்த மூலனூர்தான்.

இந்தக் கேன்ல இருக்கறது நானே வடிச்சது. செடிகொடிக் கழிவுல இருந்து வடிச்ச எண்ணெய். சிரிக்காதீங்க, நெசமாத்தான். காத்துப் போகாத இரும்புப் பீப்பாய் ஒன்னு. அதுக்குள்ள காஞ்ச மட்டை, குச்சி, கடலைத்தொலி, பருத்திமாரு, வேலிமுள்ளு, கெடைக்கறதை எல்லாம் அடைச்சு, மூடி, அடியில தீ போடறது. உள்ள காத்து இல்லாததுனால அது எரியாது. வேகும். வெந்து பொகையாக் கெளம்பும். அந்தப் பொகையை ஒரு கொழாயில புடிச்சுத் தண்ணித் தொட்டிக்குள்ள விட்டா, குளுந்து எண்ணெயாச் சொட்டும். பீப்பாயில கரி நிக்கும். சொட்டாம மிஞ்சற வாயுவையும் விடறதில்லை, திருப்பி அடுப்புக்கே விட்டு எரிச்சுக்கலாம். பைரோலிசிஸ்னு பேரு. எங்கூர்ல ஒருத்தனுக்கும் வாயில வரலை. சரி, சுருக்கமா பைரோன்னு சொல்லுங்கடான்னு சொல்லிக் குடுத்தேன். இப்ப பைரவர் மெசின்னு சொல்றானுங்க.

மொதல்ல சாராயம் காய்ச்சறேன்னே நெனைச்சாங்க. பீப்பாய், கொழாய், தண்ணித் தொட்டி, எல்லாம் அதே சாமானமாத் தெரியுதுங்களே. பொழுதோட, வெளக்கு வெக்கற நேரம் ஆனா நாலு பேரு வேலியோரம் வந்து சும்மா நிப்பாங்க. ஒருத்தன் டம்ளரோடயே வந்துட்டான். மோந்து பாருடான்னு நீட்டுனேன். அன்னைக்கு ஓடுனவந்தான், இன்னைக்கு வரைக்கும் எங்க தோட்டத்துப் பக்கம் வர்றதில்லை.

அதா, அதா பாருங்க தம்பி. சூரியகாந்தித் தண்டு. வெட்டி அப்படியே போட்டு வெச்சிருக்கான், காடு முழுக்க. நல்லாக் காஞ்சிருக்குது. இன்னும் ரெண்டு நாள்ல கொளுத்திப்போடுவான். எத்தனை எண்ணெய் தெரியுங்களா அது? பாக்கப் பாக்க எனக்கு மனசு அடிச்சுக்குது.

இதுக்கு முன்னாலயும் நான் சும்மா இருந்தவன் இல்லீங்க. கத்தாழை போட்டேன், ஈமு வளத்தேன், மண்புழு உரம் போட்டேன். எதுலயும் எம் மேல தப்புக் கெடையாது. கத்தாழையை வாங்கிக்கறேன்னு சொன்ன ஆளு வரலை. ஈமு கதை ஊருக்கே தெரியும். மண்புழுவை எறும்பு தின்னுருச்சு. ஆனா பாருங்க, அத்தனைக்கும் நடுவுல வீட்டுச் செலவு மட்டும் நிக்கவே இல்லை. அது பாட்டுக்கு எப்படியோ நடந்துச்சு. புள்ளைய நர்சிங் படிக்க வெச்சு ஈரோட்டுல கட்டியும் குடுத்தாச்சு. அதான் சொல்றேன், நமக்கு மேல ஒரு சக்தி இருக்குதுங்க.

எம் பொண்டாட்டி பேரு பழனாத்தா. அவளுக்கு மாடுதான் எல்லாம். செவலை ஒன்னு, கருவாச்சி ஒன்னு, ஒரு கன்னுக்குட்டி. வெள்ளென எந்திரிச்சுப் பால் பீச்சி, சொசைட்டியில ஊத்திட்டு வந்துதான் எனக்குக் காப்பி. பொழுதோட மறுபடியும் அதே. இருபது வருசத்துக்கு மேல ஒரு நாள் தப்புனதில்லை. பாவம், அவளுக்கும் ஒரு பொழுதுபோக்கு வேணுமில்லீங்க. நானும் தடுத்ததே இல்லை.

ஆவணியில நல்ல நாள் பாத்து மெசினைத் தொறந்தோம். மாவிலை கட்டி, வாழைமரம் கட்டி, பீப்பாய்க்கு விபூதிப் பட்டை போட்டு, சொந்தபந்தம், ஒறம்பரை சனமெல்லாம் வந்து நெறைஞ்சிருச்சு. மொத எண்ணெயை ஒரு சொம்புல புடிச்சேன். கறுப்பா, கனமா, ஆகா! எனக்கு அன்னைக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. சொன்னா என்ன, வந்துருச்சு. அந்த எண்ணெயை ஊத்தித்தான் குத்துவிளக்கு ஏத்தணும்னு நான் முடிவு பண்ணிட்டேன். பழனாத்தா பொறந்த வீட்டுச் சீரா வந்த விளக்கு அது. அவதான் ஏத்தணும்.

அவ எங்கிட்ட வந்து மெதுவா, "ஏனுங்க, நல்லெண்ணெய் ஊத்திக்கறேனுங்க. இது என்னமோ புளிச்ச வாசம் அடிக்குது"ன்னா.

"நம்ம தோட்டத்துலயே எண்ணெய் சொட்டறப்ப கடை எண்ணெய் எதுக்கு அம்மிணி? ஊத்து"ன்னேன்.

ஊத்துனா. தீக்குச்சியக் கிழிச்சு வெச்சா. திரி சடசடன்னுச்சு. பொகைஞ்சது. கறுத்துப் போயி நின்னுருச்சு. மறுபடியும் வெச்சா. மறுபடியும் பொகை. பொம்பளைங்க சேலைத் தலைப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. எங்க மச்சான், அவ அண்ணன் தொரைச்சாமி, எங் காதோரமா வந்து, "மாப்ளை, நல்லெண்ணெயே ஊத்திருங்க, சனம் பாக்குது"ன்னாரு. எப்படிங்க ஊத்தறது? ஊத்துனா நம்ம எண்ணெய் மேல நமக்கே நம்பிக்கை இல்லைன்னு ஆயிராதுங்களா? எனக்கு வந்த கோவத்துல, "உங் கை ராசி அப்படி, தள்ளு அக்கட்ட"ன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு நானே வெச்சேன். நான் வெச்சும் எரியலைங்க. அவ தொட்ட திரி, அப்பறம் எப்படி எரியும்?

சனம் ஒவ்வொருத்தரா எந்திரிச்சு இட்லி சாப்பிடப் போயிருச்சு. விளக்குல கறை புடிச்சுக்கிச்சு. அடுத்த நாள் அவ புளி போட்டுத் தேச்சுத் தேச்சுப் பாத்தா. போகலை. எண்ணெய் அவ்வளவு வீரியம்னேன். அவ அதைக் கவுத்து வெச்சுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டா.

இந்த வெளக்குச் சங்கதி மனசுல இருந்துதான் அவ கோவிச்சுட்டுப் போயிருப்பாளோன்னு எனக்கு ஒரு சந்தேகமுங்க. ஆனா அது ஆவணி, இவ போனது கார்த்திகை. அவ்வளவு நாள் கழிச்சா ஒரு மனுசிக்குக் கோவம் வரும்?

அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு, பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில பாய்லர் பாக்கற சபாபதின்னு ஒருத்தரைப் புடிச்சேன். ஒரு கேன் எண்ணெய் கொண்டுபோய்க் குடுத்தேன். வெளக்கு எரியாததைச் சொன்னதும் வயித்தைப் புடிச்சுட்டு சிரிக்கறாரு. "ஏங்க, இதை யாராவது விளக்குல ஊத்துவாங்களா? இதுல கால்வாசி தண்ணி. திரியில ஏறாது. சூடு பண்ணி, பொகையாட்டம் பீச்சியடிச்சாத்தான் எரியும்"னாரு. சொன்ன மாதிரியே சூடு பண்ணி பர்னர்ல பீச்சுனாரு பாருங்க, கொழுந்து விட்டு எரிஞ்சுது தம்பி! எனக்கு அங்கயே குதிக்கணும் போல இருந்துச்சு.

ஆமாங்க, நீங்க கேக்கறது சரிதான். அப்படிப் பாத்தா பழனாத்தா கை மேல தப்பில்லைதான். ஆனா அதைப் போயி அவகிட்ட எதுக்குங்க சொல்லிக்கிட்டு? இது தொழில் வெசயம். சூடு, பர்னர்னு சொன்னா அவளுக்கு என்ன புரியும்? ஒறம்பரைக்குள்ள ஒரு வளைகாப்பு, ஒரு நிச்சயம்னா இப்பல்லாம் விளக்கேத்த அவளைக் கூப்பிடறதில்லை, வேற யாரையாவது கூப்புட்டுக்கறாங்க. அது சனங்களோட அறியாமை. நாளாவட்டத்துல மறந்துருவாங்க. நானே மறந்துட்டேனே.

சித்த தள்ளுங்க தம்பி. அந்தப் பக்கம் என்ன, தென்னம்மட்டையா? ஆமா, மட்டைதான். குட்டான் குட்டானாக் குவிச்சு வெச்சிருக்கான். உடுமலை நெருங்க நெருங்க இதான், எங்க பாத்தாலும் தென்னை. இந்த ஊர்க்காரனுக்கு அருமை தெரியலை.

சபாபதி ஒரு வார்த்தை சொன்னாரு. "எண்ணெய் எரியுது, அதுல சந்தேகமில்லை. ஆனா ஒரே மாதிரி வரணும். நான் ஒரு நாள் வந்து முழுக்க இருந்து பாக்கறேன். சீரா வந்துச்சுன்னா மாசாமாசம் எடுத்துக்கறேன்." அங்கதானுங்க சிக்கல். நம்மளது கலப்புக் கழிவு. முருங்கைக் குச்சி பஞ்சு மாதிரி தண்ணி குடிச்சு வெச்சிருக்கும். கடலைத்தொலி வேற, வேலிமுள்ளு வேற. ஒவ்வொன்னும் ஒவ்வொரு சூட்டுல வேகும். ஒரு நாளைக்கு எண்ணெய் பாகு மாதிரி வரும், ஒரு நாளைக்குக் கழனித்தண்ணி மாதிரி வரும். எல்லாத்துக்கும் மேல ஈரம் ஆகாது. ஈரம் இருந்துச்சுன்னா எண்ணெய்ல பாதி தண்ணிதான். காஞ்சிருக்கணும். காஞ்சதெல்லாம் எண்ணெய், அவ்வளவுதான் இந்தத் தொழிலு.

ஐப்பசி கடைசியில மேகம் கூடறப்பவே பழனாத்தா அவ தட்டுப்போருக்குப் பனையோலை மேஞ்சு, மேல தார்ப்பாய் கட்டி, கல்லும் தூக்கி வெச்சுட்டா. ஆடியில அறுத்த சோளத்தட்டுங்க, கதிர் எடுத்த தண்டு. மாசி பங்குனியில காட்டுல ஒரு புல்லும் இருக்காது, அப்ப மாட்டுக்குப் போடறதுக்குன்னு வருசா வருசம் போர் போட்டு வெப்பா. எங்கிட்டயும் வந்து, "மழை வர்றாப்பல இருக்குதுங்க, உங்க குப்பையையும் மூடிருங்க"ன்னா. குப்பைங்கறா! இந்த வார்த்தையைச் சொன்னா மனுசனுக்குக் கோவம் வருமா வராதா? மூடலை நானு. அவ சொல்லி மூடறதான்னு விட்டுட்டேன்.

மழைன்னா மழை, உங்க ஊர்லயும் பேஞ்சிருக்குமே. ஒரு வாரம் விடலை. நான் சேத்து வெச்சதெல்லாம் ஒட்டுக்கா ஊறி, மேல காளான் வேற பூத்துருச்சு. அன்னைக்குப் பாத்து சபாபதி போன் பண்றாரு, நாளைக்கு வர்றேன்னு. வேண்டாம்னு எப்படிச் சொல்றது? வாங்க வாங்கன்னுட்டேன். அடுத்த நாள் வெடிஞ்சதுல இருந்து தோட்டம் பூரா சுத்தறேன். ஒரு காஞ்ச குச்சி இல்லை. நின்னா நிக்க முடியலை, உக்காந்தா உக்கார முடியலை. அப்பத்தான் அந்தப் போரைப் பாத்தேன்.

அன்னைக்குன்னு பழனாத்தா ஊர்ல இல்லை. அவ பெரியம்மா தவறிட்டாங்கன்னு, வெள்ளென பால் ஊத்திட்டு எழவுக்குப் போயிருந்தா. நானும் போயிருக்கணும். எப்படிப் போறது, பாய்லர்க்காரர் வர்றாரே. அவ இருந்திருந்தாக் கேட்டுட்டுத்தான் எடுத்திருப்பேன். எழவு வீட்டுல இருக்கறவளுக்குப் போன் போட்டுத் தட்டைப் பத்திக் கேக்கறது நல்லாவா இருக்கும், நீங்களே சொல்லுங்க.

அதுக்கு முன்னால ஒரு தடவை பேச்சுவாக்குல கேட்டுத்தான் இருந்தேன். "அந்தப் போரு ஆடியில இருந்து சும்மாத்தான கெடக்குது"ன்னேன். அதுக்கு அவ, "அது கெடக்கலைங்க, இருக்குது"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. கெடக்கறதுக்கும் இருக்கறதுக்கும் என்னுங்க பெரிய வித்தியாசம்? வேண்டாம்னு சொல்லியிருந்தாளா? இல்லையே. வேண்டாம்னு ஒரு வார்த்தை வாயில வரலை.

தார்ப்பாயை எடுத்தா, உள்ள தட்டு மொறுமொறுன்னு இருக்குது. கையில புடிச்சா ஒடியுது. அவ மாட்டுக்குத் தட்டு வெட்டற மெசின் பக்கத்துலயே இருந்துச்சு, அதுலயே போட்டு வெட்டுனேன், நல்ல சௌகரியம். பீப்பாயில அடைச்சுத் தீ போட்டேன். தம்பி, அன்னைக்கு வந்த எண்ணெய் இருக்குதே! ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே சீரு. ஒரே நெறம். சபாபதி கையில தொட்டு, மோந்து, கண்ணாடிக் குப்பியில புடிச்சு வெளிச்சத்துல காட்டிப் பாத்தாரு. "இதுதாங்க. இதே மாதிரி குடுங்க, நான் எடுத்துக்கறேன்"னாரு. என்ன போட்டீங்கன்னு கேட்டாரு. கலப்புக் கழிவுங்கன்னேன். பொய் இல்லீங்க, தட்டோட ரெண்டு கை கடலைத்தொலியும் போட்டிருந்தேன்.

என் வாழ்க்கையிலயே ஒருத்தரு என் கையால செஞ்சதைப் பாத்து "இதுதான்"னு சொன்னது அன்னைக்குத்தானுங்க. அவரு போனதுக்கப்பறம் தனியா நின்னு அந்தப் பீப்பாயைத் தடவிக் குடுத்தேன். சுட்டுருச்சு. அதுகூட சந்தோசமா இருந்துச்சு.

முழுப் போரையும் எடுத்துட்டேன்னு நெனைச்சுக்காதீங்க. ஒரு ஓரம் விட்டுத்தான் வெச்சிருந்தேன். ஒட்டுக்கா எடுக்கறதுக்கு நான் என்ன ஈவெரக்கம் இல்லாதவனா?

பழனாத்தா பொழுதோட வந்தா. எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவ, வாசல்லயே தலைக்கு ஊத்திக்கிட்டு, ஈரத்தலையோட மாட்டுக்குத் தட்டு எடுக்கப் போனா. போனவ அங்கயே நின்னுட்டா. செவலை கத்துது, கருவாச்சி கத்துது, அவ நிக்கறா. சத்தம் போடுவான்னு பாத்தேன். நானும் பதில் எல்லாம் தயாரா வெச்சிருந்தேன். அவ சத்தமே போடலை. அடுத்த நாள் வெடிஞ்சு பாத்தா மாடு கட்டற கட்டுத்தரை காலி. மாட்டை டெம்போவுல ஏத்தக் கூப்புட்டிருந்தா நானே ஆளுக்குச் சொல்லியிருப்பேன். அவ ரெண்டு மாட்டையும் கன்னையும் கையில புடிச்சுக்கிட்டு நடந்தே போயிருக்கா. அவ்வளவு தூரம், தாராபுரம் தாண்டி! வழியில ஒரு ஒறம்பரை வீட்டுல தங்கி, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு மறுபடியும் நடந்திருக்கா. பாத்தவங்க சொன்னாங்க.

அதைக் கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியுங்களா? கல்லா நானு?

மச்சானுக்குப் போன் போட்டேன். "மாப்ளை, அம்மிணி நல்லாருக்கா, மாடும் நல்லாருக்குது. அவளா வந்தா வரட்டும். நான் போன்னும் சொல்ல மாட்டேன், இருன்னும் சொல்ல மாட்டேன்"னு வெச்சுட்டாரு. அவ போனை எடுக்கறதே இல்லை.

வீட்டுக்குள்ள போனா எனக்கு காலு நிக்க மாட்டேங்குதுங்க. வெள்ளென பால் சொம்புல விழுகற சத்தம் கேக்கும், அதுல முழிச்சே பழகிட்டேன். இப்ப எப்ப வெடியுதுன்னே தெரியலை. காப்பிக்குப் பாக்கெட் பால் வாங்கறேன். எங்க வீட்டுல பாக்கெட் பால்! சொன்னா ஊரு சிரிக்கும்னு பைக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வர்றேன். பட்டிப்பொங்கலன்னைக்கு எல்லாத் தோட்டத்துலயும் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடிச்சு, மண்ணுல சின்னதாத் தெப்பக்குளம் வெட்டி அதைக் கன்னுக்குட்டிய மிதிக்க விட்டு, ஒரே சத்தம். எங்க பட்டியில மிதிக்கறதுக்கு ஒரு குட்டியும் இல்லை. சும்மா இருக்க முடியுமா? மெசினுக்குப் பொட்டு வெச்சு, மாலை போட்டு, பொங்கல் படைச்சேன். பக்கத்துத் தோட்டத்து அம்மா வேலிக்கு அக்கட்ட நின்னு பாத்துட்டு, அவங்க கன்னுக்குட்டியப் புடிச்சுட்டு உள்ள போயிருச்சு.

தொழிலும் ஓடலைங்க. அந்த மீதித் தட்டையும் போட்டு ஒரு ஓட்டம் ஓட்டுனேன். அதுக்கப்பறம் முருங்கை, மட்டை, தொலின்னு என்னென்னவோ காய வெச்சு காய வெச்சுப் போட்டுப் பாத்துட்டேன். அந்த நெறம் வரலை. சபாபதி போன் மேல போன். "அன்னைக்குக் குடுத்தீங்களே, அதே மாதிரி"ங்கறாரு. அதே மாதிரி, அதே மாதிரி. தூக்கத்துலகூட அவரு குரல்தான் கேக்குது. இந்தக் கேன்ல கொண்டுபோறது அந்த நல்ல எண்ணெய்தான், கடைசியா மிச்சமிருக்கறது. மச்சான் பாக்கட்டும்னு எடுத்துட்டுப் போறேன். பாத்தா அவருக்கே புரிஞ்சுரும், நான் ஒன்னும் வெட்டியா அலையலைன்னு.

என்னுங்க? ஒன்னுமே சொல்லாமயா போனாங்கன்னா கேட்டீங்க?

ஒன்னுமே சொல்லலைன்னு சொல்ல முடியாதுங்க. அன்னைக்குப் பொழுதோட, மாட்டுக்குப் போருல மிச்சம் இருந்ததுல ஒரு கட்டு எடுத்துப் போட்டுட்டு, நேரா நான் நின்ன எடத்துக்கு வந்தா. மெசினைப் பாத்தா. வெளக்கு வெச்ச நாளுக்கப்பறம் அவ அந்த மெசின் பக்கமே வந்ததில்லை. வந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டா. "அடுத்து எதையுங்க போடுவீங்க?"ன்னா.

எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க! கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் செஞ்ச எந்தத் தொழிலைப் பத்தியும் அவ ஒரு கேள்வி கேட்டதில்லை. கத்தாழையா, ஈமுவா, ம்ஹூம், வாயே தொறக்க மாட்டா. அன்னைக்குத்தான் மொத மொதல்ல கேக்கறா. நான் உக்காரு அம்மிணின்னு சொல்லி, எல்லாத்தையும் வெளாவாரியாச் சொன்னேன். அடுத்து மீதித் தட்டைப் போடலாம். அது முடிஞ்சா கட்டுத்தரைக்கு மேஞ்ச ஓலை இருக்குது, பல வருசத்து ஓலை, கொசுவுக்குப் போடற பொகை பட்டுப் பட்டு கருக்காக் காஞ்சு நிக்குது. அதைப் பிரிச்சு எடுத்துட்டு மாட்டுக்குத் தகரம் போட்டுக்கலாம். அப்பறம் நீ அடுப்புக்குச் சேத்து வெச்சிருக்கற வெறகு. அதுக்கும் மேல, கெழக்கால நிக்கற வேம்பு, பகல்ல அதுக்குக் கீழதான் மாடு கட்டறோம், வயசான மரம், எப்படியும் ஒரு நாள் விழுகப் போகுது. எல்லாஞ் சொன்னேன். அவ ஒரு வார்த்தை குறுக்க பேசாம முழுசாக் கேட்டாளுங்க. தலையைக்கூட ஆட்டுனா. அப்பறம் எந்திரிச்சுப் போயி சோறு போட்டா. அன்னைக்குக் கொழம்பு அத்தனை நல்லா இருந்துச்சு. சரி, இனி இவளும் தொழில்ல கூட நிப்பான்னு நெனைச்சுக்கிட்டுத்தான் படுத்தேன்.

அவ்வளவு அக்கறையாக் கேட்டவ, வெடிஞ்சதும் எதுக்குங்க போனா? இதைத்தான் நான் மூனு மாசமா நெனைச்சு நெனைச்சுப் பாக்கறேன். எனக்கு வெளங்கவே இல்லை. நீங்க படிச்சவராத் தெரியறீங்க, உங்களுக்காவது ஏதாச்சும் தோணுதுங்களா?

சொல்லுங்க, பரவால்லை. என்னுங்க அப்படிப் பாக்கறீங்க?

கண்டக்டர்! பிரிவு, பிரிவு எறங்கணும்! இருங்க சாமி, கேனை எடுத்துக்கறேன். ஏன் இன்னும் நிறுத்தாம மெதுவா உருட்டறான்? முன்னால லாரி நிக்குதா. சரி, சரி. தம்பி, இக்கட்டால பாருங்க, உங்க ஜன்னல் வழியா. அந்தக் கம்பி வேலிக்கு உள்ள. அதா செவலை! கன்னு எப்படி வளந்துருச்சு பாருங்க, கொம்பு மொளைக்குது. மாட்டுக்குப் பக்கத்துல குந்தியிருக்காளே, அவதானுங்க பழனாத்தா. எளைச்சிருப்பான்னு நெனைச்சேன். இல்லை, தெளிஞ்சாப்பல இருக்கா. பஸ்ஸைப் பாக்கறா. என்னைப் பாத்துட்டா தம்பி! என்னைத்தான் பாக்கறா. மொதல்ல என்ன சொல்லட்டும், வா போலாம்னு சொல்லட்டுமா? எந்திரிச்சுட்டா, எந்திரிச்சுட்டா.

அட, அவளுக்குப் பின்னால பாருங்க தம்பி, என்ன ஒரு போரு! மச்சான் இந்த வருசம் சோளம் போட்டிருந்தாரா, சொல்லவே இல்லையே. மேல ஓலை மேஞ்சு, சுத்தியும் கயிறு கட்டி, ஒரு சொட்டு மழை படாம. அது அவ கட்டுன போர்தான், பாத்தாலே தெரியுது. எப்படிக் காஞ்சிருக்கும் உள்ள! அந்த நெறம் வந்துரும் தம்பி, அப்படியே வந்துரும். ஒரு ஓரமா ரெண்டு கட்டு எடுத்துக்கறேன்னு கேட்டா மச்சான் இல்லைங்கவா போறாரு.

ஏனுங்க தம்பி, வாசப்பக்கம் வராம, அவ எதுக்குங்க அந்தப் போருக்கு முன்னால போய் நின்னுக்கறா?